பச்சைக்கு மேல் மஞ்சள்

2018 நவம்பர் 14, புதன்கிழமை. விடியலில் தூறல், ஆறு மணிக்குப் பின் வானம் வெளுத்தது, வடகிழக்குக் காற்று. அலையின் உயரம் ஒன்றரை மீட்டர் என்று துறைமுகப் பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதியிருந்தார்கள்.

சும்போன் படகுத்துறையின் தகரக் கூரைக்குக் கீழே நான் மேசையை விரித்தபோது, பாங்காக்கிலிருந்து இரவு ரயிலின் மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்தபடியே உறங்கி வந்தவர்கள் நூறு பேருக்கு மேல் வரிசையில் நின்றிருந்தார்கள். மூன்று ஸ்டிக்கர் தாள்களையும் காற்று கொண்டுபோகாதபடி ஒவ்வொன்றின் மேலும் ஒரு பால் டப்பாவை வைத்தேன். மஞ்சள் தாவ் தீவுக்கு. பச்சை பங்ஙானுக்கு. சிவப்பு சமூய்க்கு. பயணச்சீட்டை வாங்கிப் பார்ப்பதும், உரிய நிறத்தை உரியவரின் சட்டையில் தோளுக்குச் சற்றுக் கீழே ஒட்டுவதும், பின்னர் அதே படகில் ஏறிச் சென்று ஒவ்வொரு தீவிலும் அந்தந்த நிறத்தாரை மட்டும் இறக்கிவிடுவதும் என் பணி. ஒன்பது ஆண்டுகளாக இதைச் செய்துவருகிறேன். எங்கள் படகில் எவரும் முகத்தைப் பார்ப்பதில்லை. இயந்திரத்தின் இரைச்சலுக்கும் நான்கைந்து மொழிகளின் கூச்சலுக்கும் நடுவே சீட்டை விரித்துப் படித்துக்கொண்டிருக்க நேரமில்லை. சட்டையைப் பார்த்தால் போதும்.

சம்பளத்துக்காக மட்டும் இந்த வேலையில் இருக்கிறேன் என்று சொன்னால் அது பொய்யாகும். தண்ணீர்ப் புட்டிக்குப் பத்து பாட் அதிகம் என்று கடைக்காரியோடு வாதாடியவன், அடுத்த நிமிடமே துறையிலுள்ள சொறிநாய்க்கு நாற்பது பாட்டுக்குப் பன்றி இறைச்சிக் குச்சி வாங்கிப் போடுவான். அரிசிச் சோற்றை மூன்று வேளையும் பொட்டலத்திலிருந்தே தின்று மாதக்கணக்கில் அலையும் பெண், தன் பையின் அடியில் இரும்புச் சலவைப்பெட்டி ஒன்றைச் சுமந்துவருவாள். இவர்கள் எதை விட்டுவிட்டு வந்தார்கள், எதை விட முடியாமல் முதுகில் கட்டிக்கொண்டு வந்தார்கள் என்று யோசிப்பது எனக்கு ஒருபோதும் அலுத்ததில்லை. ஒருவரிடமும் கேட்டதில்லை. கேட்பதற்குள் வரிசை நகர்ந்துவிடும்.

இந்த ஆர்வம் எனக்கு மட்டும் உரியதன்று. எங்கள் படகில் கயிறு பிடிக்கும் விசேத்துக்கும் எனக்கும் அன்றாடம் ஒரு போட்டி உண்டு. சீட்டை நீட்டுவதற்கு முன்பே ஆளைப் பார்த்து நிறத்தைச் சொல்ல வேண்டும். தோற்றவர் குளிர்காப்பி வாங்கித் தர வேண்டும்.

"அந்த மொட்டத்தல?" என்றான் விசேத், கப்பிக்கயிற்றைத் தோளில் மாட்டியபடி.

"பச்சை."

"யானைப்படம் போட்ட கால்சட்டை மாட்டுனவன்லாம் பங்ஙானுக்குப் போய் ஆடத்தான் போறான்னு நெனைக்காதக்கா. பையப் பாரு, முங்குற கண்ணாடி தொங்குது. மஞ்சள்."

மஞ்சளாகத்தான் இருந்தது. "காப்பில சீனி கம்மியாப் போடச் சொல்லு. போன தடவ பாயசம் மாதிரி இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு அவன் படகுக்குப் போனான்.

அதற்கு அடுத்து வந்தவர்கள்தாம் அந்த இருவர். பெயர்ப்பட்டியலில் ரமீரோ என்றும் டெல்பினா என்றும் இருந்தது, அர்ஜெந்தினாக்காரர்கள், இருவருக்கும் முப்பதைத் தாண்டியிராது. இரண்டு சீட்டுகளையும் கணவர் ரமீரோவே நீட்டினார். இரண்டும் பங்ஙானுக்கு. அவர் தோளில் பச்சையை ஒட்டினேன். அவள் பக்கம் இரண்டாவதை உரித்து நீட்டியபோது, அவர் அதை என் விரலிலிருந்து வாங்கித் தாமே அவள் சட்டையில் ஒட்டி, உள்ளங்கையால் ஒருமுறை அழுத்தினார். கடல் ஒத்துக்கொள்ளுமா, வாந்தி மாத்திரை வேண்டுமா என்று நான் அவளைக் கேட்டேன். "அவளுக்கு வேண்டாம். எனக்குக் குடுங்க" என்று அவர் சொன்னார். அவள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடந்தது இவ்வளவே. இதைவிடக் கொடுமையான கணவர்களை எங்கள் தெருவிலேயே நான் பார்த்திருக்கிறேன். இதைவிடக் கனிவானவர்களும் மனைவிக்குப் பதிலாகப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். எனினும் அந்த உள்ளங்கை அழுத்தியது என் நினைவில் நின்றுவிட்டது.

ஏழு மணிக்குப் புறப்பட்டோம். துறைமுகத் தடுப்பைத் தாண்டியதும் படகு குதிக்கத் தொடங்கியது. நான் வாந்திப் பைகளை விநியோகித்து முடித்து, பின்தளத்தில் பைகளின் குவியலருகே உட்கார்ந்து, மீந்த ஸ்டிக்கர்களை எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த எண்ணிக்கையை மாலையில் அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். அப்போது டெல்பினா கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். அவர் மாத்திரை போட்டுக்கொண்டு உறங்கிவிட்டதாகத் தானாகவே சொன்னாள். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்த உடைந்த ஆங்கிலத்தில் பேசிக்கொண்டோம்.

"இதெல்லாம் நீங்களே வெச்சுப்பீங்களா?" என்று தாள்களைக் காட்டினாள்.

"ஆபீஸ்ல திருப்பிக் குடுக்கணும்."

"எங்கிட்ட ஒரு நோட்டு இருக்கு. போன எடத்துலல்லாம் ஒட்டுனத அதுல ஒட்டி வெச்சிருக்கேன். லாவோஸ் பஸ், கம்போடியா படகு. மஞ்சள் மட்டும் இல்ல. ஒண்ணு குடுக்குறீங்களா?"

இத்தகைய நோட்டுகளை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். விதிப்படி தரக் கூடாது, வழக்கப்படி தருவதுண்டு. உரித்துக் கொடுத்தேன். அவள் நோட்டை எடுக்கவில்லை. ஸ்டிக்கரை ஆள்காட்டி விரலின் நுனியில் வைத்துக்கொண்டு கேட்டாள்:

"தாவ்லேருந்து கரைக்குத் திரும்பிப் போற படகு எத்தன மணிக்கு?"

"ஒன்றரைக்கு."

"பங்ஙான்லேருந்து தாவுக்கு?"

"பத்தே முக்காலுக்கு ஒண்ணு. பன்னெண்டு மணிக்கெல்லாம் தாவ் போயிரும். அதுக்கப்புறம் ஒரு மணிக்கு. அது போய்ச் சேர ரெண்டரை ஆயிரும்."

அவள் உதட்டை அசைத்து அந்த நேரங்களை ஒருமுறை தனக்குள் சொல்லிக்கொண்டாள். நன்றி என்று கைகூப்பினாள். தாய்லாந்துக்கு வந்த எல்லோரும் செய்வதுபோல் சற்று உயரமாகக் கூப்பினாள். அவ்வளவு உயரம் துறவிகளுக்குத்தான். பிறகு உள்ளே போனாள்.

எட்டே முக்காலுக்குத் தாவ் துறையில் கயிறு விழுந்தது. "மஞ்சள்! மஞ்சள் மட்டும்!" என்று கத்திக்கொண்டு நான் படிப்பலகையின் மேல்முனையில் நின்றேன். விசேத் கீழ்முனையில் நின்று, கையிலிருந்த எண்ணும் கருவியை ஒவ்வொரு தலைக்கும் ஒருமுறை அழுத்தினான். ஐம்பது பேருக்கு மேல் இறங்கிய பின் அவள் வந்தாள். முதுகில் தன் பையை மாட்டியிருந்தாள். தோளின் கீழே பச்சை இருந்த இடத்தில் மஞ்சள் இருந்தது. அதன் விளிம்பில் பச்சை ஒரு நூலளவு தெரிந்தது. என்னைத் தாண்டும்போது நிற்கவுமில்லை, பார்க்கவுமில்லை. விசேத் அவள் சட்டையைப் பார்த்தான், கருவியை அழுத்தினான்.

நான் கூப்பிட்டிருக்கலாம். ஒரு சொல் போதும். கூப்பிடாததற்கு இரக்கமே காரணம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். உண்மை வேறு. ஒன்பது ஆண்டுகளாக இவர்களை இந்தத் தீவிலும் அந்தத் தீவிலும் கொட்டிவிட்டுத் திரும்பியவள் நான். ஒருவருடைய கதையும் என் கண்முன்னே நடந்ததில்லை. அன்று நடந்தது. அடுத்து என்ன ஆகும் என்று பார்க்கும் ஆவல் என் வாயைக் கட்டிவிட்டது.

"எழுபத்திரண்டு" என்றான் விசேத், கருவியைத் தட்டியபடி. "பட்டியல்ல எழுபத்தொண்ணுதானே?"

"ரெண்டு தடவ அழுத்தியிருப்ப. எழுபத்தொண்ணுன்னே எழுது."

"நான் எப்பக்கா ரெண்டு தடவ அழுத்துனேன்?"

"எழுதுடா."

எழுதினான். படகு மீண்டும் கடலுக்குள் இறங்கிய பிறகுதான் நான் செய்தது என்னவென்று எனக்கே உறைத்தது. அந்த ஆண்டில் என்மேல் இரண்டு புகார்கள் ஏற்கெனவே பதிவாகியிருந்தன. ஒன்று, சமூய்க்குப் போக வேண்டிய ஒரு ஜெர்மன் கிழவரைப் பங்ஙானில் இறக்கியது. மற்றொன்று, நனைந்துபோன ஒரு கித்தார். மூன்றாவது வந்தால் படகில் எனக்கு இடமில்லை, கரையில் கிடங்கைப் பெருக்கும் வேலைதான் என்று மேலாளர் சொல்லிவிட்டார். கிடங்கில் சம்பளம் பாதி. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், கிடங்குக்கு மனிதர்கள் வருவதில்லை, அரிசி மூட்டைகள்தாம் வரும். கண்ணாடிக் கதவின் வழியாக உள்ளே பார்த்தேன். ரமீரோ வாயைத் திறந்தபடி, இடுப்பில் கட்டிய சிறு பையின்மேல் இரு கைகளையும் கோத்து உறங்கிக்கொண்டிருந்தார். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது.

பத்து இருபதுக்குப் பங்ஙானை அடைந்தோம். மற்றப் பச்சை நிறத்தார் முழுவதும் இறங்கிய பின்பு, கண்ணைக் கசக்கிக்கொண்டு அவர் வந்தார். பைக் குவியலில் தம்முடைய நீலப்பை மட்டும் கிடப்பதைப் பார்த்தார். என்னிடம் வந்தார்.

"டெல்பினா எங்க?"

"பார்க்கலையே" என்றேன். அதுவே அன்று நான் சொன்ன இரண்டாவது பொய்.

"கழிப்பறையில பார்த்துட்டேன். மேல் தளத்துல பார்த்துட்டேன். எறங்கிப் போனவங்க கூட்டத்துலயும் இல்ல."

"இவரையும் சேத்து அறுபத்தொண்ணு" என்றான் விசேத், கீழிருந்து. "அறுபத்திரண்டு இருக்கணும்."

படகோட்டியான சரூன் மாமா தம் அறையிலிருந்து தலையை நீட்டினார். "என்னடா கொறையுது?"

"ஒரு ஆளு மாமா. ஒருவேள கடல்ல..."

"வாய மூடு! தாயார் காதுல விழற மாதிரி அதச் சொல்லுவியா?" என்று அவர் முகப்பைப் பார்த்தார். அங்கே படகைக் காக்கும் தாயாருக்கு நாங்கள் கட்டிய வண்ணத் துணிகளும் சாமந்தி மாலையும் காற்றில் அடித்துக்கொண்டிருந்தன. "ஆளு கொறைஞ்சா கடல் போலீசுக்குச் சொல்லணும். வந்த வழியே திரும்பிப் போய்த் தேடணும். எத்தன மணி?"

மணி பத்து முப்பத்திரண்டு. பக்கத்துத் துறையில் தாவுக்குப் போகும் படகு இயந்திரத்தை ஓட்டியபடி நின்றிருந்தது. அது புறப்பட இன்னும் பதின்மூன்று நிமிடங்கள் இருந்தன. இப்போது நான் உண்மையைச் சொன்னால் ரமீரோ நாற்பதடி நடந்து அதில் ஏறிக்கொள்வார். பன்னிரண்டு மணிக்கு, கரைக்குப் போகும் படகுக்காக அவள் காத்திருக்கும் அதே துறையில் போய் இறங்குவார். சொல்லாவிட்டால் மாமா கடல் போலீசைக் கூப்பிடுவார்.

"மாமா, இன்னொரு தடவ எண்ணிப் பார்த்துடலாம்" என்றேன். "சமூய் ஆளுங்களோட கலந்து தூங்கிட்டிருந்தாலும் இருப்பா. போலீசக் கூப்புட்டுட்டு அப்புறம் உள்ளயே இருந்தா நம்மதான் அசிங்கப்படணும்."

"சீக்கிரம் எண்ணு."

சீக்கிரம் எண்ணவில்லை. சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய நாற்பத்து மூன்று பேரையும் வரிசை வரிசையாக, இருக்கையின் முதுகைத் தொட்டுத் தொட்டு எண்ணினேன். ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தம்மைச் சேர்த்துக்கொண்டேனா என்று இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் மறந்துவிட்டதாகச் சொல்லி முதலிலிருந்து தொடங்கினேன். நடுவழியில் விசேத் வந்து என் முழங்கையைப் பிடித்தான்.

"அக்கா. தாவ்ல ஒண்ணு கூடுச்சு. இங்க ஒண்ணு கொறையுது."

நான் அடுத்த இருக்கையின் முதுகைத் தொட்டேன்.

"அப்ப இப்ப எதுக்கு எண்ணுறோம்?"

"பத்தே முக்கால் ஆகட்டும்."

அவன் ஜன்னல் வழியே பக்கத்துப் படகைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். எங்கள் போட்டியில் அவன் ஒருவரைப் பார்த்து நிறத்தைத் தீர்மானிப்பதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் எவ்வளவோ அவ்வளவு நேரம் பார்த்தான்.

"சரி. எடப்பக்க வரிசைய நான் எண்ணுறேன்" என்றான். "நான் மூணாப்பு பெயிலுன்னு உனக்குத்தான் தெரியுமே. மெதுவாத்தான் வரும்."

நாங்கள் இருவரும் இவ்வாறு காலத்தைக் கடத்திக்கொண்டிருந்தபோது வெளியே ஒரு குரல் கேட்டது. ரமீரோ துறையின் பலகைகளின்மேல் குப்புறப் படுத்திருந்தார். படகுக்கும் துறைக்கும் இடையில், ஒரு முழத்துக்குத் திறந்து ஒடுங்கும் கறுப்புத் தண்ணீரில் தலையைத் தொங்கவிட்டு அவளுடைய பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு அலைக்கும் படகின் பக்கம் அவருடைய நெற்றிக்கு ஒரு சாண் தூரம்வரை வந்து விலகியது. துறையின் சுமைகூலிகள் அவர் காலைப் பிடித்து இழுத்தார்கள், அவர் உதறினார். என் கடிகாரத்தில் பத்து நாற்பத்தொன்று. அவர் அவளைத் தண்ணீரில் தேடுகிறார் என்பதும், நான்கு நிமிடங்களுக்கு அவரைத் தேடவிடப் போகிறேன் என்பதும் எனக்கு ஒருசேரத் தெரிந்தன. உள்ளங்கையால் அழுத்தி ஸ்டிக்கர் ஒட்டிய அதே கை, தண்ணீருக்குள் மணிக்கட்டுவரை நனைந்திருந்தது. இந்த இரண்டில் எந்தக் கையை நம்புவது என்று எனக்குத் தெரியவில்லை. இருபத்தாறு, இருபத்தேழு என்று உரக்க எண்ணினேன்.

பத்தே முக்காலுக்குப் பக்கத்துப் படகு ஊதியது. அதன் கயிறு தண்ணீரில் விழும்வரை பார்த்திருந்து, சரூன் மாமாவின் அறைக்கு ஓடினேன். அவர் வானொலிக் கருவியின் ஒலிவாங்கியை உதட்டருகே கொண்டுபோயிருந்தார். பங்ஙான் துறையின் பொறுப்பாளர் பிரீச்சாவும் பட்டியலோடு அங்கே நின்றிருந்தார்.

"மாமா, வேண்டாம். அந்தப் பொண்ணு தாவ்ல எறங்கிட்டா. பத்திரமா இருக்கா."

"உனக்கெப்படித் தெரியும்?"

"நான்தான் தப்பா மஞ்சள் ஒட்டிட்டேன். எறங்கறதையும் பார்த்தேன். அப்பத் தோணல."

"அம்போன்..." என்று என் பெயரைச் சொல்லி மாமா கருவியைக் கீழே வைத்தார். "ஒரு மனுஷன் தண்ணில தலைய விட்டுக்கிட்டுக் கெடக்கான். அது தோணறதுக்கு உனக்கு இவ்வளவு நேரமா?"

"இது எத்தனாவது?" என்று பிரீச்சா கேட்டார். அவர் கெட்டவரல்லர், ஆயினும் எல்லாவற்றையும் எழுத்தில் வேண்டுபவர்.

"மூணாவது அண்ணே."

"ஒன்பது வருஷம் மஞ்சளையும் பச்சையையும் பிரிச்சவ நீ. இத நான் நம்பணுமா?"

"எழுதிக்குங்க அண்ணே."

அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். வாசலில் நின்ற விசேத் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் பார்த்த பார்வையில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

துறைக்கு இறங்கி ரமீரோவிடம் சொன்னேன். தாவ் தீவு என்று சொன்னதும் அவர் எழுந்து ஓடுவார், என்னைத் திட்டுவார், பக்கத்துத் துறைக்குப் பாய்வார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர் பலகையின்மேல் சப்பணமிட்டு உட்கார்ந்தார். முகத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நடந்து போனாளா? நல்லா நடந்தாளா?"

"நல்லா நடந்தா."

"தனியாவா?"

"தனியா."

அவர் தலையை ஆட்டினார். நெடுநேரம் ஆட்டிக்கொண்டிருந்தார். பிறகு இடுப்புப் பையின் ஜிப்பை இழுத்துத் திறந்து, பாஸ்போர்ட்டை எடுப்பார் என்று நான் நினைத்த இடத்திலிருந்து, ஒரு மூக்குக்கண்ணாடியை எடுத்தார். மெல்லிய செம்பு நிறச் சட்டம். ஒரு காதுத்தண்டில் நூல் சுற்றியிருந்தது.

"படகு குதிக்கும்போது தண்ணி தெறிக்குதுன்னு எங்கிட்ட குடுத்தா. இது இல்லாம அவளுக்குப் பக்கத்துல நிக்கிற ஆளோட மூஞ்சி கூடத் தெரியாது."

நூல் சுற்றிய தண்டை விரலால் நீவினார்.

"நான் போகல" என்றார். "நான் போனா இன்னும் தூரமா ஓடுவா. எனக்குத் தெரியும். இத மட்டும் அனுப்பி வெக்க முடியுமா? இப்பவே போற படகு ஏதாவது இருக்கா?"

அவர் சொல்வது மெய்யா, கண்ணாடியைப் பின்தொடர்ந்து போய்ச் சேர்வதற்கான வழியா என்று அவருடைய முகத்தில் தேடினேன். ஒன்பது ஆண்டுகள் சட்டைகளையே பார்த்த கண்கள் எனக்கு. உவர்நீரில் சிவந்த இரண்டு கண்களையும், உறக்கத்தில் கன்னத்தில் பதிந்த இருக்கையின் கோட்டையும் தவிர வேறெதையும் அங்கே என்னால் படிக்க முடியவில்லை.

"அடுத்தது ஒரு மணிக்கு" என்றேன்.

"ஒரு மணி" என்று அவர் திருப்பிச் சொன்னார். அந்தப் படகு தாவைச் சேரும்போது அவள் ஒன்றரை மணிப் படகில் கரைக்குப் போயிருப்பாள் என்று அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். கண்ணாடியை என் கையில் வைத்தார். விசேத் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, "அக்கா, ஏறு, பலகைய எடுக்கணும்" என்றான். கண்ணாடியைப் பிரீச்சாவிடம் கொடுப்பதா, திருப்பி அவரிடமே கொடுப்பதா என்று தெரியாமல் அதைத் தூக்கிப் பிடித்தேன். வில்லைகளில் உப்பு காய்ந்து வெள்ளைப் பூவாகப் பூத்திருந்தது. அதன் ஊடாகத் தாவுக்குப் போகும் படகு தெரிந்தது. உண்மையில் இருந்ததைவிடச் சிறியதாகவும், உண்மையில் இருந்ததைவிடத் தொலைவிலும் தெரிந்தது. அப்போது பத்து மணி ஐம்பத்து மூன்று நிமிடம்.